சுவரில் தொங்கும் தேதி

சாட்சி சொல்ல வரும் இயந்திரத்திடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று சட்டமே எழுதி வைத்திருந்தது. இன்று என்ன தேதி?

சரியாகச் சொன்னால் அது சித்தம் தெளிந்த சாட்சி. தவறாகச் சொன்னால் அதன் பேச்சு எடுபடாது. மனிதர்களுக்கு இந்தச் சோதனை இல்லை. மாவட்ட நீதிபதி தினமும் காலையில் வந்து அமர்ந்ததும் பெஞ்ச் கிளார்க்கிடம் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

2038 மார்ச்சில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் ஆறுச்சாமி இறந்தார். குடித்துவிட்டுத் தானாக விழுந்தார் என்றது நிர்வாகம். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், வயிற்றில் சாயத் தண்ணீர் நிறைய இருந்ததால் வேறெதையும் கண்டறிய முடியவில்லை என்று எழுதினார். குடிக்கவில்லை என்று அவர் எழுதவில்லை. அது போதுமானதாக இருந்தது. வளவில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தவர்கள் அவருடைய மனைவி மைனாவதியை, 'குடித்துவிட்டு விழுந்தவன் பெண்டாட்டி' என்று அடையாளம் சொல்லத் தொடங்கினார்கள்.

ஆறுச்சாமி குடியை விட்டது 2031 புத்தாண்டு அன்று. அதற்கு முந்தின வருடம்தான் அவர்களுக்குக் கல்யாணம். மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டரைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டினார். இனிமேல் குடித்தால்தான் முதல் தாளைக் கிழிப்பேன் என்றார். மைனாவதி நம்பவில்லை. பொங்கல் வரைக்கும் தாங்குமா என்று கேட்டாள். ஏழு வருடங்கள் கழித்து அவர் இறந்த அன்றும் அந்தக் காலண்டர் ஜனவரி ஒன்றிலேயே நின்றது. எண்ணெய்ப் புகையில் தாள் பழுப்பேறியிருந்தது. மேலே அட்டையில் இருந்த முருகன் கறுத்திருந்தார்.

காலண்டரைச் சாட்சியாக ஏற்கச் சட்டத்தில் இடமில்லை. இயந்திரத்துக்கு இருந்தது.

பட்டறையில் காற்றையும் ஆட்களையும் கவனிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. தொட்டிக்கு மேலே தூணில் பொருத்தியிருந்தார்கள். காற்றில் விஷம் ஏறினால் கத்தும். வேலைக்கு வருகிறவர்களைக் காலையில் ஊதச் சொல்லிக் குடித்திருக்கிறார்களா என்று பார்க்கும். பெயர் கண்காணி. ஆறுச்சாமி அதை மாப்ளை என்று கூப்பிடுவார். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

மைனாவதி கொடுத்த புகாரின் பேரில் போலீசார் கண்காணியின் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியில் வைத்து, அரக்கு முத்திரை இட்டார்கள். வழக்கு விசாரணைக்கு வரும்வரை மின்சாரம் தரக்கூடாது. திறக்கக் கூடாது. ஞாபகத்தை நகல் எடுக்கவும் கூடாது. நகல் என்பது செவிவழிச் செய்தி. சாட்சி கூண்டுக்கு வந்து வாயால் சொல்ல வேண்டும்.

முத்திரை வைக்க வந்த டெக்னீஷியனிடம் மைனாவதி, இதற்கு எல்லாம் மறந்துபோகுமா என்று கேட்டாள்.

"ஞாபகம் அப்படியே இருக்குங்க. தேதிதான் போயிரும்" என்றார் அவர். "உள்ள மதர்போர்டுல காசாட்டம் ஒரு பேட்டரி இருக்குது. பிளக்ல இருந்தா அதுக்கு வேலையில்ல, பத்து வருசங்கூட வரும். கழட்டி வெச்சுட்டா அதைத் தின்னுதான் கடிகாரம் ஓடும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"மூணு வருசம். நம்மூரு வெக்கைக்கு ரெண்டே முக்கால்னு வெச்சுக்கங்க."

"அது தீந்துட்டா?"

"பொறந்த தேதிக்குப் போயிரும். 2031 ஜனவரி ஒண்ணு. யாரு எப்பக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும்."

மைனாவதி அந்தத் தேதியைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் பிளக்கில் போட்டு வைத்தால் ஏறிக்கொள்ளாதா, போன் ஏறுகிற மாதிரி என்று கேட்டாள்.

"இது ஏறாதுங்க. மெழுகுவத்தியாட்டம். எரியும், அவ்வளவுதான்."

டெக்னீஷியன் சொன்னதை பட்டறை நிர்வாகத்தின் சீனியர் வக்கீல் வைத்தியலிங்கமும் கேட்டுக்கொண்டிருந்தார். கைப்பையிலிருந்து டைரியை எடுத்து 2040 டிசம்பர் என்று குறித்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, பாதுகாப்புக்காக 2041 ஏப்ரல் என்று திருத்தினார்.

அதன் பிறகு அவர் வழக்கு நடத்தவில்லை. வாய்தா வாங்கினார்.

முதல் வாய்தா முதுகுவலிக்கு. இரண்டாவது, குற்றப்பத்திரிகையில் ஒரு பக்கம் மங்கலாக இருந்ததற்கு. மூன்றாவது, தெளிவான பக்கத்தைப் படிக்க அவகாசத்துக்கு. பிறகு அவருடைய பெரியம்மா இறந்தார். பதினோரு மாதம் கழித்து அதே பெரியம்மா மறுபடியும் இறந்தார். நீதிபதி இரண்டு முறையும் அனுதாபம் தெரிவித்தார். பட்டறையின் மேலாளர் பிரகதீஷ் குற்றவாளிக் கூண்டில் நின்று ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டார். இறந்தவர்கள் விஷயத்தில் அவர் மிகவும் மரியாதையானவர்.

மைனாவதிக்கு இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் ஹபீபா. வயது இருபத்தொன்பது. அவள் ஒவ்வொரு வாய்தாவையும் எதிர்த்தாள். ஒவ்வொரு எதிர்ப்பும் பதிவு செய்யப்பட்டது. ஒருநாள் வராந்தாவில் வைத்தியலிங்கம் அவளை நிறுத்தி ஆறுதலாகவே பேசினார்.

"எதுக்கும்மா கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கறே? இந்தக் கேஸ்ல எனக்கு ஜூனியரே தேவையில்ல. அந்தப் பேட்டரி இருக்குது. சொன்ன நாளைக்கு வேலையை முடிச்சுக் குடுத்துரும். லீவும் கேக்காது."

கம்பெனி ஒரு சமரசத்துக்கும் ஆள் அனுப்பியது. மைனாவதி கையெழுத்துப் போட வேண்டிய தாளில் 'மதுபோதையில்' என்ற சொல் இருந்தது. அதை மட்டும் அடித்துவிட்டால் போடுகிறேன் என்றாள். அதை அடித்தால் தாளே தேவையில்லையே என்றார் வந்தவர். உண்மைதான். வந்தவர் காபி குடித்துவிட்டுப் போனார்.

2041 பிப்ரவரி 18 அன்று வைத்தியலிங்கத்துக்குக் காரணங்கள் தீர்ந்துபோயின. மூன்றாம் முறை பெரியம்மாவைக் கொல்ல அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். தவிர, அவர் முதலில் குறித்த கணக்குப்படி பேட்டரி இந்நேரம் போயிருக்கும். சம்மதித்தார்.

பெட்டியை உடைத்து, கண்காணியைக் கூண்டுக்குள் ஒரு ஸ்டூலில் வைத்து, பிளக்கைச் சொருகினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. மைனாவதி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

இன்று என்ன தேதி என்று கேட்டார் நீதிபதி.

"2041 பிப்ரவரி 18, திங்கட்கிழமை" என்றது கண்காணி.

ஹபீபா மூச்சை விட்டாள். வைத்தியலிங்கம் டைரியைப் பார்த்தார். நீதிபதி வழக்கம்போல பெஞ்ச் கிளார்க்கைப் பார்த்தார். பெஞ்ச் கிளார்க் வழக்கம்போல சுவரைப் பார்த்தார்.

அந்த நீதிமன்றத்தில் தேதிக்கு வேறு ஆதாரம் கிடையாது. கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அங்கிருந்த கணினியின் மதர்போர்டு பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. காலையில் இயக்கினால் 2029 என்று காட்டும். புதிய பேட்டரி கேட்டு நான்கு வருடங்களுக்கு முன் எழுதிய கடிதம், கணினியில் உள்ள தேதிப்படி இன்னும் எழுதப்படவே இல்லை. எனவே எல்லோரும் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை நம்பினார்கள். அதைக் கிழிப்பது டவாலி பரஞ்சோதியின் வேலை. முப்பது வருடமாக அவர்தான் கிழித்தார். வேறு யாரும் தொட்டால் பிடிக்காது.

பரஞ்சோதிக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை மாலையே சனியையும் சேர்த்துக் கிழித்து, ஞாயிறின் சிவப்புத் தாளைத் தொங்கவிட்டுப் போவார். திங்கள் காலை அதைக் கிழித்தால் வாரம் தொடங்கும். அந்தத் திங்கள் அவருடைய பேத்திக்குக் காது குத்து. முறைப்படி லீவு எழுதிக் கொடுத்திருந்தார்.

"பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமைங்க ஐயா" என்றார் பெஞ்ச் கிளார்க்.

அங்கிருந்த நாற்பது பேருக்கும் அன்று திங்கள் என்று தெரியும். நீதிபதிக்கும் தெரியும். காலையில்தான் அவர் மனைவி, திங்கட்கிழமையும் அதுவுமாக வீட்டில் பால் இல்லை என்று சொல்லியிருந்தாள்.

ஹபீபா எழுந்து, இன்று திங்கள் என்பது ஊரறிந்த விஷயம் என்றாள். வைத்தியலிங்கமும் எழுந்தார். அவர் மிக மெதுவாக எழுந்தார். எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்கள் அப்படித்தான் எழுவார்கள்.

"சாட்சி ஒரு தேதி சொல்லுது. கோர்ட்டு ஒரு தேதி சொல்லுது. எது சரின்னு நான் சொல்ல மாட்டேன் ஐயா. கோர்ட்டு தப்புன்னு சொல்ற தைரியம் எனக்கில்ல. ஹபீபாம்மாவுக்கு இருக்குதான்னு கேளுங்க."

நீதிபதி நீண்ட நேரம் காலண்டரைப் பார்த்தார். அதில் அன்றைய ராசிபலனும் இருந்தது. அவருடைய ராசிக்கு 'உறுதி' என்று போட்டிருந்தது. சாட்சிக்குச் சித்தத் தெளிவு இல்லை என்று உத்தரவு எழுதி, 17.02.2041 என்று தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். கண்காணியைத் திரும்பப் பெட்டியில் வைத்து அரக்கு ஊற்றினார்கள்.

மறுநாள் பரஞ்சோதி வந்து இரண்டு தாள்களைச் சேர்த்துக் கிழித்தார். கிழித்த பிறகுதான் அவரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். மாலைக்குள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

ஹபீபா மேல்முறையீடு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றமே கிடையாது, எனவே அந்த உத்தரவு செல்லாது என்பது அவள் வாதம். மேல்நீதிமன்றம் எட்டு மாதம் யோசித்தது. ஒரு கீழ்நீதிமன்றம் தேதி தெரியாமல் தீர்ப்பளித்தது என்று ஒப்புக்கொண்டால், அதுவரை அங்கே வழங்கிய பத்தாயிரம் தீர்ப்புகளின் கதி என்ன? தீர்ப்பு இப்படி வந்தது. ஒரு நீதிமன்றத்தின் தேதி என்பது அதன் சுவரில் தொங்கும் தாள். அதை அதிகாரம் பெற்ற ஊழியர் கிழிக்கும்வரை அதுவே செல்லும். விடுமுறை நாள் என்றும் பாராமல் பணியாற்றிய நீதிபதியை இந்த அமர்வு பாராட்டுகிறது. சித்தம் கலங்கிய சாட்சிக்குக் காலப்போக்கில் தெளிவு திரும்பக்கூடும் என்பதால், அதை மீண்டும் ஒருமுறை விசாரிக்கலாம். கவனக்குறைவாக இருந்த டவாலிக்கு ஓராண்டு ஊதிய உயர்வு கிடையாது.

விசாரணை நவம்பர் 6 என்று முடிவாயிற்று. வைத்தியலிங்கம் இந்த முறை வாய்தா கேட்கவில்லை. பேட்டரி மூன்றரை வருடத்தைத் தாண்டிவிட்டது.

ஹபீபா தீர்ப்பின் நகலை மைனாவதியிடம் படித்துக் காட்டிவிட்டு, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். பேட்டரி செத்திருக்கும். கண்காணி 2031 ஜனவரி ஒன்று என்றுதான் சொல்லும். அத்துடன் முடிந்தது. மைனாவதி சுவரைப் பற்றிய வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். ஹபீபா படித்தாள்.

"தாளுன்னு மட்டுந்தான் இருக்குதுங்களா? எந்த வருசத்துக் காலண்டருன்னு இல்லையா?"

ஹபீபா நகலைக் கீழே வைத்தாள். இது ஏமாற்று வேலை, அக்கா என்றாள். பிறகு, சட்டத்தில் எங்கேயும் தடை இல்லை என்றாள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள்.

பரஞ்சோதியின் வீட்டுக்கு மைனாவதி மட்டும் போனாள். கையில் துணிப்பை. சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பரஞ்சோதி காலண்டரை வெளியே எடுத்து, முதல் தாளைத் தொடாமல் விளிம்பை மட்டும் தடவிப் பார்த்தார்.

"பத்து வருசமா கிழிக்கலீங்களா அம்மணி?"

"அவரு கிழிக்கலீங்க. நானும் தொடலை."

தொழில் தெரிந்தவர். அதன் மதிப்பு புரிந்தது. தினம் ஒரு தாள் வீதம் அவர் ஆயிரக்கணக்கில் கிழித்திருக்கிறார். கிழிக்காமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று அவரைவிட யாருக்குத் தெரியும். மனைவியிடம் காபி போடச் சொல்லிவிட்டு, நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

"கிழிக்கறது என்ற வேலைன்னு தீர்ப்புலயே போட்டுட்டாங்க. மாட்டறது யாரு வேலைன்னு போடலை. சும்மா இருந்தவனுக்கு இன்கிரிமெண்ட்டை நிறுத்தினாங்கல்ல? இப்ப ஏதாச்சும் செஞ்சுபோட்டே அனுபவிக்கறேன்."

நவம்பர் 6 புதன்கிழமை. நீதிபதி வந்து அமர்ந்தார். கூண்டில் கண்காணியின் பச்சை விளக்கு எரிந்தது. தேதி கேட்கப்பட்டது.

"2031 ஜனவரி 1, புதன்கிழமை" என்றது கண்காணி.

வைத்தியலிங்கம் டைரியை மூடினார். பிரகதீஷ் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். நீதிபதி பெஞ்ச் கிளார்க்கைப் பார்த்தார். பெஞ்ச் கிளார்க் சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னய்யா?"

"2031 ஜனவரி ஒண்ணுங்க ஐயா. புதன்கிழமை. புத்தாண்டு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார். பரஞ்சோதி 'சைலன்ஸ்' என்றார். அதைச் சொல்வதும் அவர் வேலைதான்.

நீதிபதி மேல்நீதிமன்றத் தீர்ப்பை எடுத்து வரச் சொன்னார். இரண்டு முறை படித்தார். அவரைப் பாராட்டிய பத்தியை மூன்று முறை படித்தார். இந்தத் தீர்ப்பை மீறினால் பாராட்டும் போய்விடும். சாட்சி சித்தம் தெளிந்தது, தொடரலாம் என்றார்.

ஹபீபா இரண்டு கேள்விகள்தான் வைத்திருந்தாள். நாலு வருடமாக வைத்திருந்தாள். சம்பவத்தன்று காலை ஆறுச்சாமி ஊதினாரா?

"ஊதினார். மதுவின் அளவு பூஜ்யம்" என்றது கண்காணி. "ஏழு ஆண்டுகளில் ஒவ்வொரு நாளும் பூஜ்யம்."

தொட்டிக்குள் அவராக இறங்கினாரா?

"இல்லை. காற்றில் விஷம் இருப்பதாக மூன்று முறை எச்சரித்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பட்டறையைப் பார்க்க வந்திருந்தார்கள். மேலாளர் என் ஒலியை நிறுத்தினார். பத்து நிமிட வேலை, இறங்கு என்றார். ஆறுச்சாமி என்னைப் பார்த்து, மாப்ளை சொன்னாக் கேட்டுக்கணுங்க என்றார். மேலாளர், யாருகிட்ட சம்பளம் வாங்குற என்று கேட்டார். ஆறுச்சாமி இறங்கினார். நான்கு நிமிடம் பத்து வினாடியில் அசைவு நின்றது."

மைனாவதி அழவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வளவிலிருந்து மூன்று பேரை அவள் கையோடு கூட்டி வந்திருந்தாள். அவர்கள் கேட்டார்கள் என்பதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

வைத்தியலிங்கம் எழுந்தார். அவர் தோற்றுப் பழகாதவர்.

"சாட்சி சொன்னது முழுக்க உண்மைன்னே வெச்சுக்குவோம் ஐயா. அதெல்லாம் எப்ப நடக்குது? 2038 மார்ச்சுல. இன்னைக்குத் தேதி என்ன?"

நீதிபதி சுவரைப் பார்க்கவில்லை.

"2031. அப்புறம் யாரு செத்தா? எங்க குத்தம்? என் கட்சிக்காரர் இப்ப காலேஜ்ல படிச்சுட்டு இருக்காரு."

ஹபீபா கத்தினாள். நாற்பது பேரும் ஏதோ பேசினார்கள். நீதிபதி கையை உயர்த்தினார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எல்லாத் தீர்ப்புகளோடும் ஒத்துப்போகிற ஒரே வழி கிடைத்துவிட்டது.

குற்றம் இன்னும் நிகழாததால் வழக்கு முதிராதது, தள்ளுபடி செய்யப்படுகிறது என்று சொல்லச் சொல்லத் தட்டச்சர் அடித்தார். எனினும், சித்தம் தெளிந்த சாட்சி ஒன்று வரவிருக்கும் ஆபத்தைத் தெளிவாக எச்சரித்திருப்பதால், நீதிமன்றம் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. எனவே மறு உத்தரவு வரும்வரை, எதிரியும் அவருடைய நிர்வாகமும் மனுதாரரின் கணவர் ஆறுச்சாமியை எந்தத் தொட்டிக்குள்ளும் இறக்கக் கூடாது. தடை விதிக்கப்படுகிறது. 01.01.2031.

பிரகதீஷ் கூண்டிலிருந்து இறங்கினார். போகிற வழியில் பழக்கதோஷமாக மைனாவதியைப் பார்த்துத் தலையைக் குனிந்தார். வைத்தியலிங்கம் ஹபீபாவிடம் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னார்.

உத்தரவின் நகல் மாலைக்குள் கிடைத்தது. வழக்கமாகப் பதினைந்து நாளாகும். யாரோ அவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிட நினைத்திருந்தார்கள். வராந்தாவில் நின்று ஹபீபா அதைக் கிழிக்கப் போனாள். மைனாவதி வாங்கிக்கொண்டாள். எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரே இடத்தில் விரல் நின்றது.

"வக்கீலம்மா, இதைப் பாருங்க."

ஹபீபா பார்த்தாள். ஆறுச்சாமி என்று இருந்தது. வேறெதுவும் இல்லை.

"நாலு வருசமா எந்தக் காயிதத்துலயும் இவரு பேரு தனியா வந்ததில்லீங்க. முன்னாடி 'காலஞ்சென்ற'ன்னு ஒண்ணு ஒட்டிட்டே வரும்."

பரஞ்சோதி காலண்டரைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அறையில் இப்போது சரியான காலண்டர் மாட்டியாயிற்று, நவம்பர் 6 என்றார். நீதிபதி இன்னும் அவரைக் கூப்பிடவில்லையாம். கூப்பிடுவார்.

மைனாவதி செய்தித்தாளைப் பிரித்துப் பார்த்தாள். தாள் அப்படியே இருந்தது.

"கிழிச்சிருவீங்களோன்னு பயந்துட்டே இருந்தனுங்க" என்றாள்.

"கை பரபரன்னுதான் இருந்துச்சு அம்மணி" என்றார் பரஞ்சோதி. "ஆனா அவரு இன்னும் குடிக்கலையே."

அவள் உத்தரவை நாலாக மடித்து, முருகன் அட்டைக்குப் பின்னால் செருகினாள்.